துண்டுக்குள் பேசிய வாடகை

1959. காலை ஆறு மணி. சூரமங்கலத்து லாட்ஜின் முன்கூடத்துப் பெஞ்சில், முதலாளியைப் பார்க்க ராத்திரியே வந்து காத்திருந்த ராயப்பன் உட்கார்ந்தபடியே செத்திருந்தார். ரயில்வே குமாஸ்தா, கத்தோலிக்கக் குடும்பங்களின் மாநாட்டுக்கு அறை பேசிய பொறுப்பு அவருடையது. டாக்டர் மாரடைப்பு என்றார்.

"மாரடைப்பல்ல, மனச்சாட்சி," என்றார் மாநாட்டுத் தலைவர் உபகாரசாமி. மேடையில்லாமல் அவர் எதையும் செய்வதில்லை. முந்தின மாலை கமிட்டி முழுவதையும் கூட்டி வைத்துத்தான் ராயப்பனைத் திருடன் என்றிருந்தார். "அறைக்கு அஞ்சு ரூபாய் என்று நம்மிடம் வாங்கினார். லாட்ஜ் முதலாளியோ நேற்று சந்தைக்குக் கிளம்பும்போது நாலு என்றார். மீதி எங்கே?"

"அவரைக் கேட்டீங்களா?" என்றார் இன்ஸ்பெக்டர் வெங்கடாசலம்.

"திருடனிடம் விளக்கம் கேட்பது தலைமைக்கு அழகல்ல."

வெங்கடாசலம் பிணத்தின் சட்டைப்பையிலிருந்த கவரைப் பிரித்தார். அறைக்கு அஞ்சு வீதம் பணம் முழுசாக இருந்தது. சுருட்ட நினைத்தவன் அத்தனையையும் எடுத்துக்கொண்டு முதலாளிக்காக ராத்திரி முழுக்கக் காத்திருப்பானா?

ராயப்பனின் மனைவி தெரசம்மாள் அழவில்லை. "அவர் பேரை மட்டும் மீட்டுக் குடுங்கய்யா. பிள்ளைங்க இதே ஊர்லதான் இருந்தாகணும்."

எட்டு மணிக்கு லாட்ஜ் முதலாளி சின்னண்ணன் நாமக்கல் பக்கத்து மாட்டுச் சந்தையிலிருந்து வந்து சேர்ந்தார். பிணத்தைக் கண்டதும், வலக்கையில் சுற்றிய துண்டோடு கும்பிட்டார். "எனக்காகவா சாமி குந்தியிருந்தாரு?"

"வாடகையை எப்படிப் பேசினீங்க?" என்றார் வெங்கடாசலம்.

"மத்த லாட்ஜ்காரங்க சுத்தி இருந்தாங்க. ரேட்டு வெளிய தெரியப்படாதுன்னு தலைவரு சொல்லியுட்டிருந்தாராமா. அதான், மாட்டு யாவாரத்துல பண்றாப்பல துண்டுக்குள்ள கையப் போட்டுப் பேசுனமுங்க. விரலுக்கு ஒரு ரூவா. நாலுக்கு முடிஞ்சுதுங்க."

சாவுக்குக் கும்பிடும்போதுகூட அவிழாத அந்தத் துண்டையே வெங்கடாசலம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அதற்குள் தன் கையை நுழைத்து, சின்னண்ணனின் விரல்களை மொத்தமாகப் பற்றினார்.

"இப்ப எவ்வளவு?"

"நாலுங்க."

"நான் முழுக்கையைப் பிடிச்சேன். அஞ்சு."

துண்டை உருவினார். சுண்டுவிரல் இல்லை.

"கரும்பாலையில போச்சுங்க. டவுன்ல மறைச்சுக்குவேன். சந்தையில எல்லாருக்கும் தெரியுமுங்க, எனக்கு முழுக்கைன்னா நாலு. அஞ்சுன்னா மணிக்கட்டயும் தொடோணும்..." சின்னண்ணன் பெஞ்சின் பக்கம் திரும்பினார். "அவருக்குச் சந்தை தெரியாதே சாமி."

வெங்கடாசலம் உபகாரசாமியிடம் திரும்பினார். "அவர் அஞ்சுன்னு பிடிச்சார், இவர் நாலுன்னு எண்ணினார். இதைக் கேக்கத்தான் மனுஷன் இங்க வந்து உட்கார்ந்திருக்கார். நேத்து நீங்களே ரெண்டு பேரையும் வச்சுக் கேட்டிருந்தா இந்த நேரம் ஆபீசுக்குக் கிளம்பியிருப்பார். குற்றவாளி நீங்கதான். கைது பண்ண என்கிட்ட செக்ஷன் இல்லை."

"மாநாட்டில் இரங்கல் தீர்மானம் நானே முன்மொழிகிறேன்," என்றார் தலைவர்.

"கமிட்டி முன்னாடி திருடன்னீங்க," என்றாள் தெரசம்மாள். "அதே கமிட்டி முன்னாடி இல்லைன்னு சொல்லுங்க. அது போதும்."

"மாநாடு முடியட்டும், அம்மா."

மாலையில் கல்லறைக்குத் தலைவரின் மலர்வளையம் வந்தது. அதில் அவர் பெயர் ராயப்பன் பெயரைவிடப் பெரிசு. சவப்பெட்டியை முன்னால் பிடித்திருந்தவர் சின்னண்ணன். துண்டு தோளில் கிடந்தது. நாலு விரலும் ஊருக்கே தெரிந்தது. கேட்டவர்களிடமும் கேட்காதவர்களிடமும் வழிநெடுகச் சொல்லிக்கொண்டே போனார்:

"கொறை என் கையிலதானுங்க. அவரு கையில இல்லீங்க."