லேசாத்தான் தொட்டேன்

மூன்றாவது ஆமைக்கும் தலை இல்லை.

ரப்பர் அச்சை மெல்ல மடக்கி உரித்தபோது ஓடு வந்தது, நான்கு கால்களும் வந்தன, குட்டி வால்கூட வந்தது. தலை மட்டும் வெளியே வர மனமில்லாமல் அச்சுக்குள்ளேயே தங்கிவிட்டது.

"யாரு தொட்டது?" என்று கத்தினாள் கடுகு. சட்டென்று வெடிப்பதால் வீட்டில் அவளுக்கு அந்தப் பெயர்.

அப்பா செய்தித்தாளை இன்னும் கொஞ்சம் உயர்த்திக்கொண்டார். "லேசாத்தான் தொட்டேன்மா. காஞ்சிடுச்சான்னு பார்த்தேன்."

"சிமெண்ட் காயாதுப்பா, இறுகும்! ஒரு நாள் முழுக்க அசையாம இருக்கணும். கழுத்துதான் இருக்கறதுலேயே மெல்லிசு. அங்க போயா அமுக்குவீங்க?"

"எது கழுத்துன்னு எனக்கு எப்படித் தெரியும்? மேல இருந்து பார்த்தா எல்லாம் சேறாத்தான இருக்கு!"

முதல் ஆமையை அம்மா தொட்டார். லேசாகத்தான். இரண்டாவதைக் கடுகு பீரோ மேல் ஒளித்து வைத்தாள். தம்பி வாண்டு நாற்காலி போட்டு ஏறித் தொட்டான். அவனும் லேசாகத்தான், இரண்டு கட்டைவிரல்களாலும்.

கடுகுக்கு அழுகையே வந்துவிட்டது. கீழ்த்தளத்துத் தையல் அக்காவுக்கு அவள் வாக்குக் கொடுத்திருந்தாள். காற்றடித்தால் அக்காவின் கடைக் கதவு படாரென்று சாத்திக்கொள்ளும். அது சாத்தாமலிருக்க, கடையில் இருந்த ஒரே நாற்காலியை முட்டுக் கொடுத்திருந்தார் அக்கா. துணி தைக்க வருபவர்கள் நின்றுகொண்டே இருந்தார்கள்.

"ஞாயித்துக்கிழமை உங்க கதவுக்கு முட்டுக் குடுக்க ஒரு ஆமை வரும்க்கா" என்று சொல்லியாகிவிட்டது. இன்று சனிக்கிழமை. அந்த ரப்பர் அச்சு, பள்ளி ஓவிய ஆசிரியருடையது. திங்கட்கிழமை பள்ளி திறந்ததும் திருப்பித் தர வேண்டும். மீதமிருந்த சிமெண்ட்டோ இன்னும் ஒரே ஒரு ஆமைக்குத்தான் வரும்.

கையுறை போட்டுக்கொண்டு சிமெண்ட்டும் மணலும் தண்ணீரும் கலந்தாள். அச்சுக்குள் எண்ணெய் தடவினாள். கலவையை ஊற்றி, காற்றுக் குமிழிகள் வெளியேறும்வரை மேசையைத் தட்டினாள். பிறகு பெரிய எழுத்தில் ஓர் அட்டை எழுதி வைத்தாள்: தொடாதே!

பத்து நிமிடத்தில் வாண்டு வந்தான். "ஏன்க்கா தொடக்கூடாது? தொட்டா என்ன ஆகும்?" விரல் நீண்டது.

"போடா அந்தப் பக்கம்!"

அப்பா மூக்குக்கண்ணாடியைத் தேடி வந்தார். அது அவர் மூக்கின்மேல்தான் இருந்தது. அம்மா, தூசியே இல்லாத மேசையைத் துடைக்க வந்தார்.

"இந்த வீட்டுல யாருக்குமே விரல் சும்மா இருக்காதா?" என்று வெடித்தாள் கடுகு. எல்லாரையும் துரத்திவிட்டு, அடிக்கோலைக் கையில் வைத்துக்கொண்டு காவல் இருந்தாள்.

ஈரம் மங்கி, மேற்பரப்பு வழவழவென்று ஆகிக்கொண்டிருந்தது. இப்போது எப்படி இருக்கும்? மெத்தென்றா, கெட்டியாகவா? கொஞ்சமாகத் தொட்டால்…

திடுக்கிட்டுக் குனிந்து பார்த்தாள். அவளுடைய விரலே கழுத்துக்கு மேல் வந்து நின்றிருந்தது!

அடச்சே. இவர்களைத் திட்டிப் பயனில்லை. தொட்டே ஆக வேண்டும் என்றால் தொடட்டும்.

வாளியின் அடியில் ஒட்டியிருந்த கலவையை வழித்து, பழைய ஐஸ்கிரீம் டப்பாவில் நிரப்பி, சாப்பாட்டு மேசையில் வைத்தாள். அதற்கும் ஓர் அட்டை: தொட வேண்டியது இதைத்தான். தொட்டதும் கை கழுவவும்.

அப்பா முதல் ஆளாக வந்து குத்தினார். "இன்னும் ஆகல" என்றார், டாக்டரைப் போல.

"தள்ளுங்க, நான் பாக்கறேன்" என்றார் அம்மா.

"எனக்கு ரெண்டு தடவை!" என்றான் வாண்டு.

மாலை முழுவதும் குழாயடியில் கை கழுவ வரிசை நின்றது. ஆமையின் பக்கம் யாரும் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாலை கடுகு மூச்சைப் பிடித்துக்கொண்டு அச்சை உரித்தாள். ஓடு. கால்கள். வால். பிறகு, மெல்ல, மெல்ல, ஒரு தலை! ஏதோ யோசனையில் இருப்பதுபோல் கொஞ்சம் சாய்ந்த தலை.

சாப்பாட்டுத் தட்டு அளவு ஆமையை அப்பா தூக்கிக்கொண்டார். டப்பாவிலிருந்து எடுத்த, விரல் குத்திய ஓட்டைகளோடு இறுகிய கட்டியை வாண்டு தூக்கிக்கொண்டான். அதைப் பிரிந்திருக்க அவனால் முடியவில்லை.

"அடடா, என்ன அழகு!" தையல் அக்காவின் முகம் மலர்ந்தது. "காஞ்சிடுச்சா?" விரல் நேராக ஆமையின் கழுத்துக்குப் போனது.

கடுகு பெருமூச்சு விட்டாள். வாண்டிடமிருந்து கட்டியை வாங்கி அக்காவிடம் நீட்டினாள். "இதைத் தொட்டுப் பாருங்கக்கா."

அக்கா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இவ்ளோ பெரிய ஓட்டை யாரோடது?"

"அப்பாவோடது. லேசாத்தான் தொட்டாராம்."

அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். அந்த ஓட்டையில் பென்சிலைச் செருகினார். அம்மாவின் ஓட்டையில் அளவுக்கோடு போடும் சாக்கட்டி. வாண்டின் இரண்டு ஓட்டைகளிலும் ஊசிகள். "இதையும் வச்சுக்கறேன்" என்றார்.

நாற்காலியை எடுத்துவிட்டு, அப்பா ஆமையைக் கதவடியில் வைத்தார். அப்போது காற்று ஓங்கி அடித்தது. கதவு ஒருமுறை உந்திப் பார்த்துவிட்டு நின்றுகொண்டது. ஆமை அசையவில்லை.

நாற்காலி காலியாக இருந்தது. கடுகு போய் அதில் காலை நீட்டி உட்கார்ந்தாள்.