இனந்தி என்றொரு பெயர்

வீட்டுக்குள் நுழையவே குனிய வேண்டியிருந்தது. கடல் ஏற ஏற, தர்சோனோவின் அப்பா மண்ணைக் கொட்டித் தரையை உயர்த்திக்கொண்டே போயிருந்தார். கூரை மட்டும் பழைய இடத்தில் நின்றது. ஜன்னலின் அடிச்சட்டம் முழங்கால் உயரத்துக்கு வந்துவிட்டது. நிமிர்ந்து நின்றால் உத்தரம் உச்சந்தலையில் உரசியது.

பெக்காசி நகரத்தில் தர்சோனோ வேலை பார்த்த தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு, மனைவி விகாதியையும் மகளையும் அழைத்துக்கொண்டு, பெற்றோர் இறந்தபின் பூட்டிக் கிடந்த இந்த வீட்டுக்கு வந்திருந்தான். ஜாவாவின் வடகரையில் கராங்செபி என்ற அந்த ஊருக்கு இப்போது சாலை கிடையாது. பேருந்தை விட்டு இறங்கிப் படகில்தான் வர வேண்டும். மூழ்கிப்போன பள்ளிக்கூடத்தின் மேலும் கபருஸ்தானின் மேலும் படகு போனது. தண்ணீருக்கடியில் கல்லறைகளின் மீஸான் கற்கள் வெள்ளையாகத் தெரிந்ததைப் பார்த்து, மகள் கையை விட்டு அளைந்தாள்.

அது அவன் வளர்ந்த ஊர் இல்லை. பால்குடி மறந்ததுமே அவனைச் செமாராங்கில் சித்தப்பா வீட்டில் விட்டுவிட்டார்கள். ஏன் என்று கேட்டால் அம்மா பேச்சை மாற்றிவிடுவாள்.

அடுத்த வீட்டுக் கஸ்மோனா ஒரு தட்டு நிறையப் புகை போட்ட மீனோடு வந்தாள். தேங்காய்ச் சிரட்டைப் புகையில் மீன் வாட்டி விற்பவள். ஐம்பதைத் தாண்டிய, ஒல்லியான பெண்.

"பசியோட வந்திருப்பீங்க, தின்னுங்க. புகை வாடை ஒத்துக்கலன்னா மூக்கப் பொத்திக்கிட்டுத் தின்னுங்க" என்றாள். விகாதியை மேலும் கீழும் பார்த்தாள். "என்னம்மா, பட்டணத்துச் செருப்பு? ரெண்டு நாள்ல உப்பு தின்னுரும். வெறுங்காலோட நடந்து பழகு."

"காலையும் உப்பு தின்னுமா யூ?" என்று விகாதி கேட்டாள். மூத்தவளை அக்கா முறை வைத்து 'யூ' என்றதில் கஸ்மோனாவுக்குச் சந்தோஷம். சிரித்துக்கொண்டே குழந்தையின் கன்னத்தைத் தொட்டாள்.

"உன் பேரு என்ன, நொக்?"

அந்தக் கரையில் எல்லாப் பெண் குழந்தையும் 'நொக்'தான். குழந்தை விழுந்த முன்பற்களின் இடைவெளி தெரியச் சொன்னாள்.

"இனந்தி."

கஸ்மோனா கையை எடுத்துக்கொண்டாள்.

"இந்தப் பேர யாரு வச்சது?"

"நான்தான்" என்றான் தர்சோனோ. "அம்மா ஆஸ்பத்திரியில கடைசியா இந்தப் பேரத்தான் சொல்லிக்கிட்டே இருந்தாங்க. அப்ப இவ வயித்துல இருந்தா. பேத்திக்குப் பேரு சொல்றாங்கன்னு நெனச்சேன்."

"பேத்திக்குச் சொல்லல, சோனோ. உனக்கு மூத்தவளக் கூப்பிட்டிருக்காங்க."

தனக்கு ஒரு அக்கா இருந்தாள் என்பதே அவனுக்கு அன்றுதான் தெரியும்.

கஸ்மோனா குரலைத் தாழ்த்தினாள். "இங்க இவளப் பேரு சொல்லிக் கூப்பிடாதீங்க. பொழுது சாஞ்சு மஃரிப் பாங்கு சொல்ற நேரத்துல ஜன்னலச் சாத்திருங்க. யாரு கூப்பிட்டாலும் பதில் குடுக்கக் கூடாதுன்னு பிள்ளைக்குச் சொல்லிவைங்க."

விகாதிக்குக் கோபம் வந்தது. கூப்பிட்டால் உடனே 'இதோ' என்று குரல் கொடுக்க வேண்டும் என்று மகளைப் பழக்கியவள் அவள். கஸ்மோனா போனதும், "வந்த வீட்டுல கால் வைக்கல, அதுக்குள்ள பேயக் கொண்டு வந்துட்டாங்க" என்று முணுமுணுத்தாள்.

அன்று மாலை பள்ளிவாசலில் பாங்கு ஓய்ந்தது. தண்ணீர் சாம்பல் நிறமாகி, அலையாத்தி மரங்கள் கறுத்தன. சேறும் உப்பும் கலந்த வாடை வீட்டுக்குள் நிறைந்தது. விகாதி அடுப்படியில் இருந்தாள்.

ஒரு பெண் குரல் கூப்பிட்டது. சோறு ஆறிப்போகிறதே என்று பிள்ளையைத் தேடும் தாயின் குரல். இந்தத் திசை என்று சொல்ல முடியாதபடி தண்ணீர் முழுவதிலிருந்தும் வந்தது.

"இனந்தி..."

"இதோ" என்றாள் குழந்தை.

விகாதி ஓடிவந்து பார்த்தபோது, மகள் ஒரு காலை ஜன்னலுக்கு வெளியே போட்டுவிட்டிருந்தாள். வெளியே ஒருவரும் இல்லை. குழந்தையின் உள்ளங்கை மட்டும் ஈரமாக இருந்தது, யாரோ ஈரக்கையால் பற்றியிருந்ததுபோல.

மறுநாள் காலை விகாதியே கஸ்மோனாவின் வீட்டுக்குப் போனாள். கஸ்மோனா சிரட்டைத் தணலை ஊதிக்கொண்டே சொன்னாள்.

"சர்பியான்னு ஒருத்தி இருந்தா. பெத்ததெல்லாம் செத்தே பொறந்துச்சு. கடைசியா ஒண்ணு வயித்துல தங்குனப்ப, பொறக்கறதுக்கு முன்னாடியே பேரு வச்சா, இனந்தின்னு. 'காத்திருக்கப்படுறவ'ன்னு அர்த்தம். அதுக்கு முன்ன அப்படி ஒரு பேரு இந்தக் கரையில கிடையாது. பொண்ணு உசுரோட பொறந்துச்சு. அந்த வருசம் ஒரு காய்ச்சல் வந்து ஊருல கைப்பிள்ளையெல்லாம் போச்சு. அவ மட்டும் பொழச்சா."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, எல்லாரும் அந்தப் பேரையே வச்சாங்க. அந்தப் பேரு வச்ச எந்தப் பிள்ளையும் சாகல. தூரத்து ஊருலேர்ந்தெல்லாம் படகு புடிச்சு வந்து பேரக் கேட்டுட்டுப் போனாங்க. வாத்தியார் இனந்தின்னா பாதி வகுப்பு எந்திரிச்சு நிக்கும். ஒரே சிரிப்பா இருக்கும்."

மீனைப் புரட்டிப் போட்டாள்.

"சர்பியா மகளுக்குப் பல்லு விழுற வயசு. மீன் குளத்து மதகுல விழுந்துட்டா. உடம்பு கெடைக்கல. சர்பியா தெனமும் பொழுது சாயுற நேரம் வரப்புல நின்னு கூப்பிட்டா. ஒருநாள் அவளும் எறங்கிப் போயிட்டா. கூப்பிடுற சத்தம் மட்டும் நிக்கல. அவ கூப்பிட்டது அவ மகளத்தான். ஆனா பேரு ஒண்ணு இல்லையா? எல்லாப் பிள்ளையும் 'இதோ'ன்னுச்சு."

புகையில் விகாதியின் கண் எரிந்தது. "நாங்க இன்னைக்கே கெளம்பிடறோம்."

"பதில் குடுத்த பொறவு எங்க போயும் பிரயோசனமில்ல. டெமாக்குக்குப் போனவங்க பிள்ளை கிணத்துல கெடந்துச்சு. இன்னொண்ணு குளிக்கிற தொட்டியில. தண்ணி இல்லாத ஊரு எது?"

பெயரின் கனம் தாங்காமல் பிள்ளை நோயில் விழுந்தால் பெயரை மாற்றிவிடுவது ஜாவாவில் எல்லா வீட்டிலும் உண்டு. பனைவெல்லம் போட்டுச் சிவக்கக் காய்ச்சிய கூழும் வெள்ளைக் கூழும் வைத்து, பள்ளிவாசல் பெரியவரை அழைத்து துவா ஓதி, அன்றே குழந்தைக்குத் துமினா என்று பெயர் மாற்றினார்கள். குழந்தை கூழை வழித்துத் தின்றாள். "துமினா" என்று அப்பா கூப்பிட்டால் வேறு யாரையோ கூப்பிட்டதுபோல் சும்மா இருந்தாள்.

வந்தவர்கள் போனபின் விகாதி கஸ்மோனாவின் கையைப் பிடித்தாள்.

"பேரு மாத்தியும் சில பிள்ளைங்க போச்சுன்னு பெரியவர் சொன்னாரு. யாருமே தப்பிக்கலயா யூ?"



"நான் தப்பிச்சேன்" என்றாள் கஸ்மோனா. "நானும் இனந்திதான். பேர எடுத்தா மட்டும் போதாது. அது அந்தரத்துல நிக்கும். எவளாவது வாங்கிக்கணும். எங்கம்மா மிச்சக் கூழத் தின்னுட்டு, அந்தப் பேரத் தனக்கு வச்சுக்கிட்டாங்க. கூப்பிட்டப்ப எனக்கு முன்னாடி பதில் சொன்னாங்க." மூக்கை உறிஞ்சினாள். "நான் ஏன் இந்த ஊரவிட்டுப் போகலன்னு எல்லாரும் கேக்கறாங்க. அம்மா இங்கதான இருக்காங்க."

பாத்திரத்தில் மிச்சக் கூழ் இருந்தது. விகாதி அதைப் பார்த்ததைக் கஸ்மோனா கவனித்துவிட்டாள். "வேண்டாம்மா. நான் சொன்னதே தப்பு" என்றாள்.

அன்று கடல் சீக்கிரமே ஏறியது. பொழுது சாயும்போது வாசற்படியைத் தாண்டி உள்ளே வந்துவிட்டது. தர்சோனோ கதவையும் ஜன்னலையும் சாத்தித் தாழிட்டு, மகளை மடியில் இறுக்கிக்கொண்டு கட்டில்மேல் உட்கார்ந்தான். விளக்கின் வெளிச்சம் தண்ணீரில் பட்டுக் கூரையில் நெளிந்தது. மண்ணுக்குள்ளிருந்து குமிழிகள் வந்துகொண்டிருந்தன.

பாங்கு முடிந்தது.

"இனந்தி..."

இம்முறை வெளியிலிருந்து வரவில்லை.

கட்டிலுக்கு அடியிலிருந்து வந்தது.

தர்சோனோ மகளின் வாயைப் பொத்தினான். குழந்தையின் தலைமுடியிலிருந்து நீர் சொட்டியது. அவள் தண்ணீரைத் தொடவே இல்லை. மடியில் அவள் கனம் கூடிக்கொண்டே போனது. ஊறிய துணிமூட்டைபோல் தொடையை அழுத்தியது.

"இனந்தி, வாம்மா..."

அவன் விரல்களுக்குள் மகளின் உதடுகள் அசைந்தன.

"மஸ்" என்றாள் விகாதி. ஆண்களை மரியாதையாக அழைக்கும் அந்தச் சொல்லால்தான் கல்யாணமான நாளிலிருந்து அவனைக் கூப்பிடுவாள். "அவளக் கெட்டியாப் பிடிச்சுக்கோ. என்ன ஆனாலும் விடாத."

"நீ என்ன செய்யப் போற?"

அவள் உதட்டோரம் பனைவெல்லத்தின் பிசுக்கு இருந்தது. அப்போதுதான் அவனுக்குப் புரிந்தது.

"விகாதி."

அவள் திரும்பவில்லை. அது இப்போது அவள் பெயர் இல்லை.

"இதோ வந்துட்டேன்" என்றாள், தண்ணீரைப் பார்த்து.

கதவுத் தாழ் தானாக விலகியது. விகாதி இறங்கி நடந்தாள். ஒரு கை சற்றே உயர்ந்திருந்தது, தன்னைவிட உயரமான யாரோ பிடித்துக் கூட்டிப்போவதுபோல. மகளை விட்டால் மகள் போய்விடுவாள். பிடித்திருந்தால் மனைவி போய்விடுவாள். அவன் மகளைப் பிடித்துக்கொண்டு இருந்தான். தண்ணீர் அவள் இடுப்புக்கு வந்தது, தோளுக்கு வந்தது. சலசலப்பே இல்லை.

மடியில் குழந்தை லேசானாள்.

பக்கத்து ஊர் ஆண்கள் படகுகளில் மதகு மதகாகத் தேடினார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை.

தர்சோனோ மகளோடு செமாராங்கின் மேட்டுப் பகுதிக்குப் போனான். கடல் கண்ணுக்கே தெரியாத ஒரு சந்தில் ஓர் அறை எடுத்தான். சலவைக்கடையில் இஸ்திரி போடும் வேலை. துமினா பள்ளிக்குப் போனாள், துமினா என்றால் திரும்பிப் பார்த்தாள். பழைய பெயர் அவளுக்கு நினைவில் இல்லை. அம்மாவின் முகமும் நினைவில் இல்லை என்று ஒருநாள் சொன்னாள். அவன் அதற்கும் தலையாட்டினான். இரவில் விகாதியைப் பெயர் சொல்லி அழக்கூட அவனுக்கு வழியில்லை. எந்தப் பெயரைச் சொன்னால் அவளுக்குக் கேட்கும் என்று தெரியவில்லை. கேட்டுவிட்டால் என்ன ஆகும் என்ற பயமும் இருந்தது.

மூன்றாம் வருடம், எதிர்வீட்டு எண்டாவுக்குக் குழந்தை பிறந்தது. பலமுறை கரு கலைந்தபின் தங்கிய பெண் குழந்தை. பெயர் வைக்கும் விருந்துக்குச் சந்து முழுவதையும் அழைத்திருந்தாள். மாலையில் தர்சோனோவும் துமினாவும் போனார்கள்.

"வாங்க மஸ். இஸ்திரிப் பெட்டிய இன்னைக்காவது கீழ வச்சீங்களே" என்று எண்டா சோற்றுப் பொட்டலத்தை நீட்டினாள். பூரிப்பில் முகம் மினுங்கியது. "பேரு கேட்டா அசந்துடுவீங்க. யாருமே வைக்காத பேரு. இனந்தி."

பொட்டலம் அவன் கையிலிருந்து நழுவியது.

"இந்தப் பேர யாரு சொன்னது?"

"மாசமா இருந்தப்ப சுகாதார நிலையத்துக்குப் போனேன்ல, அங்க பெஞ்சுல ஈரம் சொட்டுற தலைமுடியோட ஒரு அம்மா உக்காந்திருந்தாங்க. இந்தப் பேரு வச்சா பிள்ளை தங்கும்னாங்க. வந்திருந்த எல்லார்கிட்டயும் சொன்னாங்க." எண்டா சிரித்தாள். "அதான் இப்ப வம்பாப் போச்சு. யாருமே வைக்காத பேருன்னு நெனச்சேன், கீழத் தெருவுல ரெண்டு வீட்டுல வச்சுட்டாங்க. மார்க்கெட் பக்கம் இன்னும் எத்தனையோ."

"மாத்திடும்மா. இப்பவே மாத்திடு."

"என்ன மஸ் இப்படிச் சொல்றீங்க? நல்ல நாளும் அதுவுமா?" அவள் முகம் சுண்டியது. துமினா அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். சுற்றியிருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டு அவனைப் பார்த்தார்கள்.

அந்த அமைதியில், தொட்டிலில் வீரிட்டுக்கொண்டிருந்த குழந்தை சட்டென்று அழுகையை நிறுத்தியது.

அவனுக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை. வேறு யாருக்கும் கேட்டதாகத் தெரியவில்லை.

இன்னும் கழுத்து நிற்காத அந்தக் குழந்தை, மெல்லத் தலையை வாசல் பக்கம் திருப்பிச் சிரித்தது.