பினாங்கிலிருந்து வந்த மூன்று மெயில்கள்

காலை 11.10. பினாங்கிலிருந்து வந்த போனைப் பேசி முடித்ததும் நவநீதகிருஷ்ணனுக்கு முகம் சிவந்துவிட்டது.

"ஆர்டரை மூணு தடவை மெயில்ல அனுப்பினாவளாம். பதிலே இல்லைன்னு எதிர்க்கடை இசக்கிதுரைக்குக் கொடுத்துட்டாவளாம்."

கோவில்பட்டி பஜாரில் வற்றல் மிளகாய் மொத்த வியாபாரம் செய்கிறவர் அவர். கடை மெயிலின் பாஸ்வேர்டு இரண்டே பேருக்குத்தான் தெரியும். ஒருவர் அவர், இன்னொருத்தி எப்போதும்வென்றான் கிராமத்திலிருந்து வேலைக்கு வரும் ஆனந்தி. தான் திருடவில்லை என்பது அவருக்குத் தெரியும். அப்புறம் என்ன யோசனை வேண்டிக்கிடக்கிறது? மூட்டை தூக்குகிறவர்கள், காம்பு கிள்ளுகிற பெண்கள், வாசலில் நின்ற வியாபாரிகள் அத்தனை பேர் முன்னாலும் கத்தினார்.

"ஏட்டி, திருடி. மெயில அழிக்க எதிர்க்கடைக்காரன்ட்ட எவ்வளவு வாங்கின?"

ஆனந்தியின் சம்பளத்தில்தான் அவள் வீட்டில் அடுப்பு எரிந்தது. திருடி என்று பெயர் விழுந்துவிட்டால் இந்த பஜாரில் எந்தக் கடையும் அவளைச் சேர்க்காது.

மதியம் 12.00. அவர் கொடுத்த புகாரை விசாரிக்க எஸ்.ஐ. சுதாராணி வந்தார். ஓர் இடத்தில் நிற்கத் தெரியாதவர். வற்றல் நெடியில் தும்மிக்கொண்டே கடைக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தார்.

"மெயிலைப் போன்லயும் பாப்பீங்களா?"

"போன்ல வைக்க விடவே மாட்டேன். இந்த ஒரு கம்ப்யூட்டர்லதான்," என்றார் நவநீதகிருஷ்ணன்.

"நீ எத்தனை மணிக்கு வருவ?"

"பஸ் வந்து சேரப் பத்து ஆயிரும் மேடம்," என்றாள் ஆனந்தி. "அண்ணாச்சி எட்டு மணிக்கே கடை திறந்துருவாவ."

அழித்த மெயில்கள் கிடக்கும் இடத்தில் ஒன்றுமில்லை. சுதாராணி அடுத்து ஸ்பாம் பக்கம் போனார்.

"அதுல வைரஸ் இருக்கும்னு அண்ணாச்சி தொடவே விடமாட்டாவ, மேடம்."

சுதாராணி தொட்டார். லோன், லாட்டரிக் குப்பைக்கு நடுவே மூன்று ஆர்டர் மெயில்களும் பிரிக்கப்படாமல் கிடந்தன. மேலே மெயில் கம்பெனி ஒரு வரி போட்டிருந்தது: 'இந்த முகவரியிலிருந்து வந்ததை நீங்கள் முன்பு ஸ்பாம் என்று குறித்திருக்கிறீர்கள்.'

"பாத்தீங்களா? குறிச்சது இவதான்," என்றார் நவநீதகிருஷ்ணன்.

சுதாராணி இன்னும் கீழே போனார். மூன்று வாரத்துக்கு முன் வந்த இன்னொரு பினாங்கு மெயில். லோடில் ஈரம் என்று புகார். காலை 8.04-க்கு வந்தது. யாரோ திறந்து படித்திருந்தார்கள். கூடவே மதுரை, சேலம் புகார்கள். எல்லாமே கடை திறக்கிற நேரத்தில் வந்தவை. மதியத்துக்கு மேல் வந்த புகார்களோ பத்திரமாக இன்பாக்ஸில் இருந்தன. அவற்றுக்கு ஆனந்தி பதிலும் போட்டிருந்தாள்.

"நாளைக்குக் காலையில வாரேன். ஆனந்தி, நீயும் முதல் பஸ்ஸைப் பிடிச்சு வந்துரு."

மறுநாள் காலை 8.00. கடையில் சாம்பிராணிப் புகை. சுதாராணி கல்லாவைச் சுற்றிச் சுற்றி வந்தார். முதல் பஸ்ஸில் வந்த ஆனந்தி வாசலில் நின்றாள். கடம்பூர் பலசரக்குக் கடைக்காரர் கருப்பசாமி ஒரு மூட்டையோடு படியேறினார்.

"அண்ணாச்சி, இதுல பாதி சோடை. மாத்தித் தாங்க."

"இன்னும் போணியே ஆகல, குறை சொல்ல வந்துட்டீரு. பத்து மணிக்கு மேல வாரும்."

கருப்பசாமி மறுபேச்சில்லாமல் இறங்கிப் போனார். முதல் விற்பனைக்கு முன் திரும்புகிற சரக்கை வாங்கினால் அன்றைய வியாபாரம் விளங்காது என்பது பஜாரில் எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

8.10. கம்ப்யூட்டரில் ஒரு மெயில் வந்து விழுந்தது. திறந்து பார்த்த நவநீதகிருஷ்ணன் முகம் சுளித்து ஒரு பட்டனை அமுக்கினார். மெயில் மறைந்தது.

"அண்ணாச்சி, இப்ப என்ன செஞ்சீங்க?" என்று கேட்டார் சுதாராணி.

"என்னத்தச் செஞ்சேன்?"

"வத்தல்ல புழுன்னு ஒரு புகார் வந்துச்சே. அனுப்பச் சொன்னதே நான்தான். எங்க அது?"

"போணிக்கு முன்னால அதப் பாக்கலாமா மேடம்? கண்ணுல படாம ஒதுக்கி வச்சேன். பொறவு பாத்துக்கலாம்னு."

"பொறவு என்னிக்காவது பாத்தீங்களா?"

அவர் மவுஸைத் தள்ளி வைத்தார்.

"நீங்க அமுக்கினது ஸ்பாம் பட்டன். இங்க எட்டுன்னா பினாங்குல பத்தரை. அவிய ஆபீஸ்ல உக்காந்து எழுதுத மெயில் சரியா உங்க போணி நேரத்துல வந்து நிக்கும். ஈரம்னு எழுதினதை ஒதுக்கினீங்க. இந்த ஆளே உங்களுக்கு வேண்டாம் போலன்னு மெயில் கம்பெனி எடுத்துக்கிட்டு, அடுத்து வந்த ஆர்டரையும் உள்ள விடல. பத்து மணிக்கு வர்ற ஆனந்தியை ஸ்பாம் பக்கமே நீங்க விடல, அவ கண்ணுல அது எப்படிப் படும்? ஆர்டரைத் தொலைச்சது நீங்கதான்."

நவநீதகிருஷ்ணனுக்குக் கூசிப்போயிற்று. குரலைத் தாழ்த்தினார்.

"ஆனந்தி, உள்ள வா தாயி. மனசுல வச்சுக்காத. சம்பளத்தைக் கூட்டித் தாரேன்."

ஆனந்தி நகரவில்லை. "உள்ள வேண்டாம் அண்ணாச்சி. எல்லாரு முன்னாலயுந்தான திருடின்னு சொன்னீங்க. இவிய எல்லாரும் வந்தாச்சு. இங்கனயே சொல்லுங்க."

காம்பு கிள்ளுகிற கைகள் நின்றன. எதிர்க்கடையில் இசக்கிதுரை எட்டிப் பார்த்தார். நவநீதகிருஷ்ணன் வாசலுக்கு வந்து, தரையைப் பார்த்தபடி சொன்னார்.

"இந்தப் பிள்ள ஒண்ணும் செய்யல. தப்பு என் மேலதான்."

"அவியளுக்குக் கேக்கல அண்ணாச்சி," என்றாள் ஆனந்தி. "நேத்து நல்லாக் கேட்டுச்சு."

அவர் தலையை நிமிர்த்தி, தெருவே கேட்கும்படி இன்னொரு முறை சொன்னார்.