மறுவீட்டுச் சொதி

சத்துக்கட்டியை மீன் வடிவத்தில் வெட்டுவது பகவதிக்குக் கைவந்த கலை. செதில் போட ஒரு முள்கரண்டி, கண்ணுக்கு மிளகளவு கருப்புப் பசை, மேலே ஒரு சொட்டு ஆரஞ்சுச் சாயம். கடற்பாசியிலிருந்து ஆலை பிழிந்து அனுப்பும் அந்தச் சாம்பல் கட்டியை அப்படியே டிபன் பாக்ஸில் வைத்தால் எந்தப் பிள்ளை தொடும்? அதிலும் மிதிலா இரண்டாம் வகுப்பிலேயே மூக்கைச் சுளிப்பதில் செத்துப்போன தன் அப்பாவை மிஞ்சியவள்.

நிறமும் வடிவமும் ஐந்து நிமிஷ வேலை. பாடு அதற்குப் பிறகுதான். கட்டிக்கென்று ஒரு சுவையும் கிடையாது. மண்ணில் விளைந்ததைத் தின்ற யாராவது தன் ஞாபகத்திலிருந்து அதற்குச் சுவை கொடுக்க வேண்டும். பகவதி நாப்பட்டையை நாக்கில் ஒட்டிக்கொண்டு, கண்ணை மூடி, ஒரு சாப்பாட்டை நினைப்பாள். சுவைப்பதிவி அதை உறிஞ்சிக் கட்டியில் ஏற்றிவிடும். பள்ளியில் பிள்ளை வாயில் போட்டதும் எலுமிச்சைச் சாதம், உருளைக்கிழங்கு வறுவல், கூட இரண்டு அப்பளம்.

இதில் ஒரு வில்லங்கம் இருந்தது. பதிவி நகல் எடுப்பதில்லை, அசலையே எடுத்தது. கொடுக்கக் கொடுக்கச் சுவை தேய்ந்துகொண்டே போகும். பகவதியிடம் இப்போது எலுமிச்சை இல்லை. புளி போய்விட்டது. போன தையில் வெங்காயம் வதங்கும் வாசனையும் விடைபெற்றுக்கொண்டது. அந்தப் பெயர்களெல்லாம் அவளுக்கு ஊர் தெரியாத பஸ் நிறுத்தங்களாகிவிட்டன.

ஆலைச் சுவை கடையில் மலிவாகவே கிடைத்தது. சாக்லேட், சீஸ் என்று பொட்டலத்தைக் கிழித்துத் தூவினால் முடிந்தது. ஆனால் வீட்டுச் சுவை கொண்டுவரும் பிள்ளைகளின் பாக்ஸில்தான் பள்ளி நீல நட்சத்திரம் ஒட்டியது. பெற்றோர் கூட்டத்தில் ஒருமுறை பகவதியே எழுந்து, பொட்டலத்தைக் கிழித்துப் போடுவதற்குப் பெயர் வளர்ப்பா என்று கேட்டிருக்கிறாள். கைதட்டினார்கள். பின்வரிசையில் ஒருவர் எழுந்து வெளியே போனதை அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

சென்ற வாரம் முழுக்க மிதிலாவின் பாக்ஸ் பாதி தின்றும் தின்னாமலும் திரும்பி வந்தது. எடை இறங்குகிறது என்றும், இப்படியே போனால் மூக்கு வழியாகக் குழாய் போட்டு ஊட்ட வேண்டிவரும் என்றும் பள்ளி மருத்துவர் அழைத்துச் சொன்னார். கொடுத்துக் கொடுத்து நீர்த்துப்போன சுவையைப் பிள்ளை எப்படித் தின்பாள் என்று பகவதி தன்னையே நொந்துகொண்டாள். நல்லதாகக் கொடுக்க அவளிடம் ஒன்றே ஒன்றுதான் மிச்சம் இருந்தது. அவள் தொடாமல் வைத்திருந்த ஒன்று.

மறுவீட்டு விருந்துச் சொதி. திருநெல்வேலிப் பக்கம் கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளைக்குத் தேங்காய்ப்பாலில் சொதி வைக்காவிட்டால் அது விருந்தே இல்லை. தென்னை கடைசியாகக் காய்த்த வருஷம் அது. பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நெல்லையப்பன், மாப்பிள்ளை என்ற கெத்தையெல்லாம் விட்டுவிட்டு, வாளியைத் தானே வாங்கி அவள் இலையில் ஊற்றினான். சனமெல்லாம் கேலி செய்தது. அவள் போதும் போதும் என்றாள், அவன் நிறுத்தவில்லை. அன்றைய சொதியை அவள் உண்டது ஒரே தடவை. அப்படிப்பட்ட சுவை ஒரே இழுப்பில் முழுசாகப் போய்விடும் என்று அவளுக்குத் தெரியும். அவன் போய் மூன்று வருஷமாக, தாங்க முடியாத நாட்களில் அவள் கண்ணை மூடி அதைத்தான் ஒரு வாய் எடுத்துக்கொள்வாள்.

மகளுக்கு இல்லாதது எனக்கெதற்கு என்று நாப்பட்டையை ஒட்டினாள். பதிவி ஒருமுறை முனகி நின்றது. கண்ணைத் திறந்தபோது நாக்கு வெறும் நாக்காக இருந்தது. அழுகை வந்தது, அழுதுகொண்டே மீனுக்குக் கண் வைத்தாள்.

சாயங்காலம் பாக்ஸ் துடைத்து வைத்ததுபோல் வந்தது. மகளை மடியில் இழுத்து வைத்து, எப்படி இருந்தது என்று ஆசையாகக் கேட்டாள்.

"எனக்குத் தெரியாதும்மா, தவசிதான் தின்னான்," என்றாள் மிதிலா. "நாங்க எப்பவும் மாத்திக்கிடுவோம்லா. அவன் சாக்லேட் எனக்கு, நம்ம வீட்டது அவனுக்கு. போன வாரம் ஒண்ணுமே இல்லாம சப்புன்னு இருந்துச்சுன்னு அவன் மாத்திக்கிட மாட்டேன்னுட்டான். அதான் நான் மிச்சம் வச்சேன். இன்னைக்கு ஒரு வாய் தின்னு பாத்துட்டு அவனே மாத்திக்கிட்டான்."

பகவதி மகளை மடியிலிருந்து இறக்கிவிட்டாள். இத்தனை நாள் எலுமிச்சையும் புளியும் வெங்காயமும் யார் வீட்டுப் பிள்ளைக்கோ போயிருக்கின்றன. அடிக்கக் கை ஓங்கினாள். சாக்லேட் பிடிக்கும் என்பதைத் தவிர பிள்ளை செய்த குற்றம் என்ன என்று தெரியாமல் கை இறங்கிவிட்டது. கோபம் மட்டும் இறங்கவில்லை.

மறுநாள் பள்ளி விடும் நேரத்துக்கு வாசலில் போய் நின்றாள். அந்தப் பையனை நாலு கேள்வி கேட்காமல் திரும்புவதில்லை என்றிருந்தாள். தவசி ஒல்லியாக, கழுத்துப் பட்டன் இல்லாத சட்டையோடு வந்தான். அவனைக் கூட்டிப்போக வந்தவர் பகவதியைக் கண்டதும் சற்றுத் தள்ளியே நின்றுகொண்டார். அன்று கூட்டத்தில் எழுந்து போனவர் அவர்தான். கொடுக்க ஞாபகம் மிச்சமில்லாத மனிதர் என்பது அந்த முகத்தைப் பார்த்தபோதுதான் அவளுக்கு உறைத்தது. அந்த முகம் அவளுக்குக் கண்ணாடியில் தினமும் பழக்கம். வெட்கத்தில் காது சூடேறியது.

பையன் திட்டு விழப்போகிறது என்று புரிந்துகொண்டவன்போல் முந்திக்கொண்டான்.

"நேத்து உள்ளது ரொம்ப நல்லா இருந்துச்சு ஆண்ட்டி. கோவிச்சுக்கிடாதீங்க, முழுசையும் நானே தின்னுட்டேன்."

பகவதி அவன் உயரத்துக்குக் குனிந்தாள். "எப்படி இருந்துச்சு? சொல்லு," என்றாள்.

தவசி யோசித்தான். தேங்காய்ப்பாலையும் இஞ்சியையும் பார்த்தறியாத பிள்ளைக்கு அதைச் சொல்ல வார்த்தை ஏது?

"யாரோ பக்கத்துல உக்காந்து ஊத்திக்கிட்டே இருந்த மாதிரி இருந்துச்சு. போதும் போதும்ங்கேன், கேக்கவே மாட்டேங்காரு. எனக்குச் சிரிப்பா வந்துச்சு. அழுகையும் வந்துச்சு, ஏன்னு தெரியல."

பந்தி, வாளி, கேலி எல்லாம் பகவதிக்கு ஞாபகம் இருந்தது. யாரோ சொல்லிக் கேட்ட கதைபோல வரிசையாக இருந்தது. சிரித்தது மட்டும் இப்போது இந்தப் பையனிடம் இருந்தது. இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். அவனும் சொன்னான். போகலாம் என்று மிதிலா கையைப் பிடித்து இழுத்தாள்.

"அது யாரு ஆண்ட்டி? உங்களுக்கு அவரத் தெரியுமா?" என்று கேட்டான் தவசி.

"தெரியும்," என்றாள் பகவதி. சொல்லும்போதே, அது பொய்யாகிவிட்டதோ என்று அவளுக்குப் பயமாக இருந்தது.