லிடியா சொன்னது

"சரி ஆத்தா, நீ சொன்னபடியே செஞ்சுருவோம்" என்று மாமியார் ஜெயமேரி கூடத்திலிருந்து குரல் கொடுத்தபோது லிடியா அடுப்படியில் குனிந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அவள் எதையும் சொல்லியிருக்கவில்லை. காலையிலிருந்து வாயே திறக்கவில்லை.

யாரிடமாவது போனில் பேசுகிறாராக இருக்கும் என்று எட்டிப் பார்த்தாள். போன் டிவி மேசையில் சார்ஜ் ஏறிக்கொண்டு கிடந்தது. ஜெயமேரி நாற்காலியில் சாய்ந்து, நல்ல செய்தி கேட்ட முகத்தோடு, முந்தானையால் கண்ணோரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"என்ன அத்தை?"

"ஒண்ணுமில்லத்தா. நீ போயி வேலையப் பாரு."

இந்த வீட்டுக்கு வாழவந்த நாளிலிருந்து மாமியார் இவ்வளவு பிரியமாக ஒரு வார்த்தை பேசியதில்லை. அதுதான் அவளுக்கு என்னமோ போலிருந்தது.

லிடியா பேசாதவள். அது ஊரறிந்த விஷயம். பேசாதவளைப் பற்றிப் பேசத்தான் எத்தனை வாய்கள் இருக்கின்றன, அப்பப்பா. ரெட்டியார்சத்திரம் பக்கம் பள்ளிக்கூடம் போன காலத்தில் அவள் உம்மணாமூஞ்சி. பெண் பார்க்க வந்தவர்களுக்குத் தங்கமான பிள்ளை, இருக்கிற இடமே தெரியாது. கட்டிக்கொண்டு திண்டுக்கல்லுக்கு வந்த கொஞ்ச நாளிலேயே அமுக்குணி, நெஞ்சழுத்தக்காரி, உள்ளுக்குள் என்ன வைத்திருக்கிறாளோ. உள்ளுக்குள் அவள் வைத்திருந்ததெல்லாம் பேச்சுதான், பாவம். யாராவது ஒன்று கேட்டால் சொல்லைத் தேடி எடுக்க அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடிக்கும். அதற்குள் இன்னொருவர் அவளுக்காகப் பதில் சொல்லி முடித்திருப்பார். ஜவுளிக்கடையில், "அவளுக்குப் பச்சைதான் பிடிக்கும்" என்பான் புருஷன் பிரிட்டோ. அவளுக்குப் பச்சை பிடிக்கவே பிடிக்காது. "அவ காரம் திங்க மாட்டா" என்பார் மாமியார். "அவ எதையும் தப்பா எடுத்துக்க மாட்டா" என்பாள், பழனியில் டீச்சராக இருக்கும் நாத்தனார் ஏஞ்சலின். இப்படி எல்லோருமாகச் சேர்ந்து, பச்சைப் புடவை கட்டிய, காரம் தின்னாத, எதற்கும் தலையாட்டுகிற ஒரு லிடியாவைப் பேசிப் பேசியே அந்த வீட்டுக்குள் வளர்த்து வைத்திருந்தார்கள்.

மகள் ரோஸ்லினிடம் மட்டும்தான் அவள் பேசுவாள். இரண்டு வயதுப் பிள்ளை, தட்டுத்தடுமாறிப் பேசுகிற பிள்ளை, அவளும் சொல்லைத் தேடுகிறவள்தானே. தூங்கவைக்கும்போது அம்மாவும் மகளும் தவளை, குரங்கு, கனகாம்பரத் தோட்டம் என்று கதைகதையாகப் பேசித் தீர்ப்பார்கள். அந்தப் பேச்சு அந்த வீட்டில் வேறு யாருக்கும் தெரியாது.

அந்தப் பிள்ளையைத்தான் போன கிறிஸ்துமஸுக்கு வந்த ஏஞ்சலின் கேட்டாள். "ஆண்டவரு எங்களுக்குக் குடுக்கல. உங்களுக்கு இன்னொண்ணு பொறக்கும். இவள எனக்குக் குடு லிடியா." லிடியா அன்றைக்குச் சொல்லைத் தேடவேயில்லை. "மாட்டேன் மதினி" என்று உடனே சொன்னாள். பிறகு பிரிட்டோ சிரித்துக்கொண்டே, "அவ யோசிச்சுச் சொல்வாக்கா" என்றான். அவள் வாழ்நாளில் பளிச்சென்று சொன்ன ஒரே பதிலையும் அவர்கள் காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

வெங்காயத்தை வைத்துவிட்டுப் பின்கட்டில் துணி காயப்போடப் போனாள். காற்று திரும்பி, தோல் பதனிடும் ஷாப்புகளின் வாடை ஊரைக் கடந்து வந்துகொண்டிருந்தது. பக்கத்து வீட்டு மெஹராஜ் மதில்மேல் முகவாயை ஊன்றி அவளையே பார்த்தாள்.

"ஏ லிடியா, உன்ன இம்புட்டு நாளா திமிரு புடிச்சவன்னு நெனச்சுட்டேன். மனசுல வச்சுக்காத. நேத்து சாயங்காலம் நீ உன் வீட்டுக்காரர்ட்ட பேசுனதெல்லாம் இங்க கேட்டுச்சு. உன்ன மாதிரி பெத்த புள்ளயத் தூக்கிக் குடுக்க யாருக்கு மனசு வரும்?"

லிடியாவின் கையிலிருந்த துணி கீழே விழுந்தது. நேற்று சாயங்காலம் அவள் வீட்டிலேயே இல்லை. காய்ச்சலாயிருந்த ரோஸ்லினை மடியில் போட்டுக்கொண்டு இருட்டும் வரை டாக்டர் வீட்டு வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

"அது நான் இல்லக்கா."

"இதுல அடக்கம் வேற" என்று மெஹராஜ் சிரித்துக்கொண்டே உள்ளே போனாள்.

இருட்டுகிற நேரத்தில் பிரிட்டோ பைப் கடையைப் பூட்டிவிட்டுப் பரோட்டாப் பொட்டலத்தோடு வந்தான். இலையைப் பிரித்து உட்கார்ந்ததும் கரண்ட் போனது. மின்விசிறி கிறீச்சிட்டுச் சுற்றி ஓய்ந்தது. தெருவில் ஒரு நாய் குரைத்துவிட்டு நிறுத்தியது. இருட்டில் சால்னா வாசமும், தூங்கும் பிள்ளையின் சூடான மூச்சும், பிரிட்டோ மெல்லுகிற சத்தமும் மட்டும் இருந்தன.

"எனக்கு எம்புட்டு சந்தோஷம் தெரியுமா? நேத்து டீ குடிக்க வந்த எடத்துல நீயா அப்படிச் சொல்லுவன்னு நான் நெனைக்கவேயில்ல. அக்காட்ட சொன்னேன், அழுதுருச்சு. ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சதும் கஸ்பார் மச்சானோட கார்லயே வந்து கூட்டிட்டுப் போறாங்களாம்."

லிடியா சொல்லைத் தேடினாள். நல்லவேளை, இருட்டில் யாரும் குறுக்கே பேசவில்லை. "நான் சொல்லலைங்க. நான் வீட்லயே இல்ல. எம்புள்ளய யாருக்கும் தரமாட்டேன்" என்று ஒவ்வொரு சொல்லாக, தெளிவாகச் சொன்னாள்.

மெல்லுகிற சத்தம் நின்றது. அவன் கேட்டுவிட்டான் என்று நினைத்தாள்.

"சரி சரி, அதுக்கென்ன" என்றான் பிரிட்டோ. "அந்தப் பூப்போட்ட கவுனையும் சேத்து எடுத்து வையி. அக்காவுக்கும் அது புடிக்கும்."

அவள் கவுனைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அவளுக்குப் பின்னால், அடுப்படி இருட்டில், பேசி முடித்தவர்கள் விடுவதுபோல ஒரு மூச்சு கேட்டது. கரண்ட் வந்தபோது அங்கே யாரும் இல்லை. ஜெயமேரி கூடத்தில் செபமாலை உருட்டிக்கொண்டிருந்தார்.

மறுநாள் குளியலறையில் தலைக்குத் தண்ணீர் ஊற்றும்போதுதான் அவளே அந்தக் குரலைக் கேட்டாள்.

முதலில் டிவி என்று நினைத்தாள். பிறகு ஒரு சிரிப்பு. கல்யாண வீடியோவில் கேட்ட அவளுடைய சிரிப்பு, அவளுக்கே பிடிக்காத அந்த மெல்லிய சிரிப்பு, இப்போது கூடத்தில் தாராளமாகப் புழங்கியது. தயங்காமல் பேசியது. அவள் தேடித் தேடிக் கிடைக்காமல் விட்ட சொற்களையெல்லாம் கோத்துக் கோத்துப் பேசியது. "மதினிக்குப் பாவம் வயசாகுது அத்தை. நமக்கென்ன, இன்னொண்ணு பெத்துக்கிறோம்." சோப்பு நுரை கண்ணில் எரிய, புடவையை அரைகுறையாகச் சுற்றிக்கொண்டு தாழ்ப்பாளை இழுத்தாள். தாழ்ப்பாள் நகரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தாள். நகரவில்லை. கதவை அறைந்தாள். கூடத்துப் பேச்சு நிற்காமல் போய்க்கொண்டேயிருந்தது. கதவு இடுக்கில் கண்ணை வைத்தாள். மாமியாரின் முழங்கால் தெரிந்தது. எதிரே, தரையில், ஒரு பச்சைப் புடவையின் விளிம்பு. அதிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

தாழ்ப்பாள் தானாக விட்டபோது கூடத்தில் மாமியார் மட்டும் இருந்தார். தரையில் ஈரம் இருந்தது. ஜெயமேரி எழுந்து வந்து லிடியாவின் கன்னத்தை வழித்து, "உன்னப் போயி அமுக்குணின்னு ஊரெல்லாம் சொன்னேனே தாயி, என் நாக்குல சூடுதான் வைக்கணும்" என்றார்.

லிடியாவுக்கு அழுகை பொங்கியது. இத்தனை வருஷம் ஏங்கிய அன்பு, அவளைத் தேடி வரவில்லை. அந்தக் குரலைத் தேடி வந்திருந்தது.

ஓடிப்போய் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு அம்மா புஷ்பமேரிக்குப் போன் போட்டாள். "அம்மா, ஒடனே வந்து எங்கள கூட்டிட்டுப் போ. ரோஸ்லினக் குடுக்கப் போறாங்க. நான் சொல்றது இங்க யாருக்கும் கேக்க மாட்டேங்குது."

மறுமுனையில் அம்மா பூக்கட்டும் நார் கிழிபடும் சத்தம் கேட்டது. அவள் பேசி முடிக்கக் காத்திருப்பதுபோல அம்மா, "ம்... ம்... ஆமாத்தா" என்று கொட்டிக்கொண்டிருந்தாள். லிடியா எப்போதோ பேச்சை நிறுத்தியிருந்தாள். அம்மா இன்னும் "ம்" கொட்டினாள். அப்புறம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "நீ இம்புட்டு தைரியமாப் பேசுறதக் கேக்கவே நல்லாருக்கு. நீ சொன்னா சரியாத்தான் இருக்கும். குடுத்துரு" என்று வைத்துவிட்டாள்.

இனி யாரிடமும் சொல்ல வேண்டாம். போய்விட வேண்டியதுதான். ரோஸ்லினை இடுப்பில் வைத்துக்கொண்டு, செருப்பைக்கூடத் தேடாமல் வாசலுக்கு வந்தாள். இரும்புக் கேட்டில் பூட்டுத் தொங்கியது. பகலில் அந்தக் கேட்டை யாரும் பூட்டியதேயில்லை.

"நீதான பூட்டச் சொன்ன?" என்றார் பின்னால் வந்த மாமியார். "புள்ள ரோட்டுக்கு ஓடிரும்னு."

தெருவில் மெஹராஜ் பால் வாங்கிக்கொண்டு போனாள். லிடியா கம்பியைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, காப்பாத்துங்கக்கா" என்று கத்தினாள். மெஹராஜ் நின்று, நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "ஆமா லிடியா, வெயிலு மண்டையப் பொளக்குது" என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

"அம்மா, ஏன் கத்துற?" என்றது பிள்ளை.

லிடியா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பிள்ளைக்குக் கேட்கிறது. இந்த உலகத்தில் ஒரு ஆளுக்குக் கேட்கிறது. "உன்ன யார்ட்டயும் விடமாட்டேன் தங்கம். நீ அம்மா கழுத்த விட்றாத. யாரு கூப்பிட்டாலும் விட்றாத" என்று அந்தச் சின்னக் காதுக்குள் சொல்லிக்கொண்டேயிருந்தாள். ரோஸ்லின் தலையை ஆட்டியது. அன்றிரவு முழுக்க அவள் தூங்கவில்லை. பிள்ளையையும் கைவளையத்தைவிட்டு இறக்கவில்லை. அடுப்படியில் யாரோ தாழ்ந்த குரலில் தவளைக் கதை சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவள் குரலில். அவளுக்கும் பிள்ளைக்கும் மட்டும் தெரிந்த கதை. லிடியா இரண்டு கையாலும் பிள்ளையின் காதைப் பொத்தினாள்.

ஞாயிற்றுக்கிழமை உச்சிவெயிலில் கார் வந்து நின்றது. ஏஞ்சலின் புதுக் கவுனும் மிட்டாயுமாக இறங்கினாள். அவள் கண்கள் வீங்கியிருந்தன. அவள் கெட்டவள் இல்லை. அந்தக் கூடத்தில் நின்ற யாருமே கெட்டவர்கள் இல்லை. எல்லோரும் லிடியாவை அவ்வளவு அன்போடு பார்த்தார்கள். ஏஞ்சலினின் புருஷன் கஸ்பார்கூடக் கைகூப்பினான்.

"நன்றி லிடியா" என்றாள் ஏஞ்சலின். "நீ ஒரு வார்த்த சொல்லு. ஒன் வாயால கேட்டுட்டுத் தூக்கிக்கிறேன்."

லிடியா பிள்ளையை இறுக்கிக்கொண்டு கத்தினாள். மாட்டேன். அடிவயிற்றிலிருந்து கத்தினாள். தொண்டை கிழிந்தது. வாயில் ரத்தம் கரித்தது. மாட்டேன். மாட்டேன். மாட்டேன்.

"எம்புட்டு அமைதியா நிக்கிறா பாருங்க" என்றார் ஜெயமேரி.

"தூக்கிக்கங்க மதினி."

குரல் அவள் பிடரிக்குப் பின்னாலிருந்து வந்தது. ஈர மூச்சு. சோப்பு வாசம்.

லிடியா திரும்பவில்லை. பிள்ளையின் முகத்தையே பார்த்தாள். பிள்ளை அவளைப் பார்த்தது. நெஞ்சு கொஞ்சம் ஆறியது. பிறகு பிள்ளையின் கண்கள் மெல்ல நகர்ந்து, அவள் தோளைத் தாண்டி, பின்னால் போயின. ரோஸ்லின் சிரித்தது. இத்தனை நாள் லிடியாவுக்கு மட்டுமே கொடுத்த சிரிப்பு.

"அம்மா" என்றது. அவளைப் பார்த்து அல்ல.

"தங்கம், கைய விடு. அத்தைகிட்டப் போ."

பிஞ்சுக் கைகள் லிடியாவின் கழுத்தை விட்டன.

அவள் பிடித்தாள். கவுன் நழுவியது. சின்ன விரல்கள் நழுவின. ஏஞ்சலின் பிள்ளையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு அழுதாள். பிரிட்டோ பையைத் தூக்கினான். கேட் திறந்தது. லிடியாவின் கால்கள் நகரவில்லை. வாசல்படியில் நின்றாள். வெயில் கண்ணைக் குத்தியது. தெருவெல்லாம் நல்லவர்கள் நின்று அவளைப் பெருமையாகப் பார்த்தார்கள்.

கார் நகர்ந்தது. பின் கண்ணாடியில் ரோஸ்லினின் முகம். குட்டிக் கை ஆடியது. லிடியாவுக்குக் கொஞ்சம் தள்ளி, வலப்பக்கமாகப் பார்த்து ஆடியது.

அங்கே, அவளோடு தோளுரச, ஈரத் தலையோடு ஒருத்தி நின்று பிள்ளைக்குக் கை ஆட்டிக்கொண்டிருந்தாள். அவளுடைய இன்னொரு கை, அழுகிற குழந்தையை அமர்த்துவதுபோல மிகவும் மெதுவாக, லிடியாவின் வாயைப் பொத்தியிருந்தது.