முதுகைக் காட்டிய பதிவேடு

"ஆ...!"

நர்ஸின் அலறல் ஆவண அறையின் கூரையில் மோதித் திரும்பியது.

ஏணி சாய்ந்து கிடந்தது. அதன் கீழே காப்பாளர். பின்மண்டையில் ரத்தம். உயிர் இல்லை. மூக்குக் கண்ணாடி மட்டும் உடையவில்லை.

இன்ஸ்பெக்டர் வந்தார். பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார்.

"வயசான மனுஷன். ஏணி வழுக்கியிருக்கு. கேஸை முடிச்சிடலாம்."

"சார்... நேத்து சாயங்காலம்தான் போன் பண்ணினார். 'உன் கொள்ளுத்தாத்தா கிடைச்சிட்டார், காலையில வாம்மா'ன்னார்..."

நர்ஸின் பதினோரு மாதத் தேடல்! ஒரே குடும்பப் பெயரை ஒவ்வொரு குமாஸ்தாவும் தன் காதில் விழுந்தபடி எழுதியிருந்தான். வரிக் கணக்கில் ஒரு விதம்... கப்பல் பட்டியலில் இன்னொரு விதம். எட்டு விதங்களையும் தாளில் எழுதி வைத்துக்கொண்டு அவளுக்காகச் சலிக்காமல் தேடியவர் இந்தக் காப்பாளர். ஒரு டீ கூட அவளிடம் வாங்கிக் குடித்ததில்லை.

"எதுல கிடைச்சாராம்?"

"நேர்ல சொல்றேன்னார் சார்..."

"விடும்மா." பெரியப்பா அவள் தோளைத் தொட்டார். ஓய்வுபெற்ற நீதிபதி. அவள் போன் செய்ததும் ஓடி வந்தவர். "எங்க தாத்தா கடல் கடந்து போனார், திரும்பலை. அவ்வளவுதான். அந்தப் பெருமைக்குத்தான் அடுத்த வாரம் ஒரு தெருவுக்கே அவர் பேரை வைக்கிறாங்க. இனிமே என்ன தேடல்?"

நர்ஸ் அலமாரியையே பார்த்தாள்.

இங்கே எல்லாப் பதிவேடுகளும் முதுகைச் சுவர்ப் பக்கம் திருப்பித்தான் நிற்கும். வெயில் பட்டால் முதுகில் எழுத்து மங்கிவிடுமாம். அதை மறந்ததற்கு முதல் வாரமே அவளுக்குத் திட்டு விழுந்தது.

மூன்றாம் தட்டில் ஒன்று மட்டும் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது!

"சார்... அதை அவர் வெச்சிருக்கவே மாட்டார்!"

இன்ஸ்பெக்டர் உருவினார். சிறைப் பதிவேடு. நடுவில் ஒரு தாள் கிழிக்கப்பட்டிருந்தது.

"யார் வெச்சதுன்னு எப்படிம்மா தெரியும்?"

"அந்தச் சந்துல கையை விடுங்க. எதை எடுத்தாலும், கேட்டவங்க பேரைச் சீட்டுல எழுதி அந்த இடத்துல வெச்சிடுவார். கடவுளே வந்து கேட்டாலும் சீட்டு உண்டு!"

கை உள்ளே போனது.

சுவரோரம் நசுங்கிக் கிடந்த சீட்டு வெளியே வந்தது. பென்சில் எழுத்து. இன்று காலை, எட்டு மணி பத்து நிமிடம்.

படித்தவர் மெல்ல நிமிர்ந்தார்.

"நீதிபதி ஐயா... கோட்டுப் பையைக் கொஞ்சம் காட்டறீங்களா?"

நாலாய் மடித்த பழுப்புத் தாள். அதில்... கொள்ளுத்தாத்தாவின் பெயர். கொலைக் குற்றம். தூக்கு!

நர்ஸ் பெரியப்பா பக்கம் திரும்பினாள். கிடைத்துவிட்டார் என்று நேற்று அவள் சொன்னது ஒரே ஒருவரிடம்தான்.

"குடும்ப மானம்மா..." என்றார் பெரியப்பா. "மறைச்சிடுய்யான்னு கெஞ்சினேன். கேட்கலை... தள்ளிட்டேன்..."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"கவலைப்படாதீங்க பெரியப்பா. நாளைக்கு நீங்களும் சிறைப் பதிவேட்டுல ஏறிடுவீங்க. உங்க பேரையாவது ஒரே மாதிரி எழுதச் சொல்றேன்... அடுத்து தேடி வர்றவங்க என்னை மாதிரி அலைய வேண்டாம் பாருங்க!"