பத்தொன்பது புள்ளி மூன்றாம் சேனல்

இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிப்பது என்னவென்றால்: பைக் என்னும் ஏரியின் கரைவாசியும், மரமறுக்கும் ஆலையின் முன்னாள் மேற்பார்வையாளரும், சாட்டிலைட் கம்பெனிகளின் கொடுங்கோன்மைக்குத் தலைவணங்காதவருமான வெயின் கங்காஸ் அவர்கள், தமது டிஷ்ஷைக் கழற்றிக் கோழிக்கூண்டுக்குப் பின்னால் எறிந்துவிட்டு, கூரைமேல் சொந்த ஆன்டெனாவை நாட்டியருளினார். இனி உள்ளூர் சேனல்கள் எல்லாம் காற்றில் வரும், காசில்லாமல் வரும், கண்ணாடிபோல் துல்லியமாக வரும். விழாவுக்குத் திரண்டிருந்த கூட்டம், ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்ற அவர் மனைவி மார்லிஸ்.

அவர் கோபத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தின் வடகோடியில் வசிப்பவர்களை, யாரோ எங்கோ கோடு கிழித்த ஒரு வரைபடத்தை வைத்து, மின்னசோட்டா என்ற வேறு மாநிலத்தில் இருக்கும் ஒரு நகரத்தோடு சேர்த்துவிட்டது அந்தக் கம்பெனி. பனிக்காலத்தில் திரையின் அடியில் ஓடும் எழுத்துப் பட்டையில் கேள்விப்படாத பள்ளிக்கூடங்களின் பெயர்களே ஓடிக்கொண்டிருந்தன. அந்தப் பட்டை இல்லாமல் அங்கே வாழ்க்கை நடக்காது. பனி கொட்டினால் எது திறந்திருக்கிறது, எது மூடியிருக்கிறது என்று அதுதான் சொல்லும். பள்ளி, சர்ச்சில் சூப் விருந்து, பிங்கோ, எதுவானாலும் டிவி நிலையத்துக்கு ஒரு போன் போட்டால் பெயரைச் சேர்த்துவிடுவார்கள். மூடியிருக்கிறது என்று பட்டை சொல்லிவிட்டால் மூடியிருக்கிறது. போய்ப் பார்ப்பவர் கிடையாது. கதவைத் தட்டிப் பார்ப்பவன் தெற்கே டெட்ராய்ட் நகரத்திலிருந்து வந்த வெளியூர்க்காரனாகத்தான் இருப்பான்.

டிவியிடம் சேனல்களைத் தேடச் சொன்னபோது தெரிந்த சேனல்கள் எல்லாம் வந்தன. கூடவே பத்தொன்பது புள்ளி மூன்று என்று ஒன்றும் வந்தது. அது எந்தப் பட்டியலிலும் இல்லை. வெயின் அதைத் தம் சொந்தத் திறமையின் கணக்கில் வரவு வைத்துக்கொண்டார். மார்லிசுக்குத்தான் ஏதோ நெருடியது. நிகழ்ச்சி என்று எதுவும் இல்லை. அசையாத ஒரு காட்சி, ஒரு சாலை வளைவு, விழுந்துகொண்டே இருக்கும் பனி, குளிர்பெட்டி உறுமுவதுபோல ஒரு தாழ்ந்த ஓசை. டிவியிலிருந்து ஈரக் கம்பளியைக் காய வைத்ததுபோல ஒரு வாடை வந்தது. படம் மட்டும் தேவைக்கு மேல் தெளிவாக இருந்தது. பைன் மரத்தின் ஊசியிலைகளைத் தனித்தனியாகப் பார்க்க முடிந்தது. அது அவர்கள் தபால் பெட்டிக்குப் பக்கத்தில் நிற்கும் மரம். அங்கே கேமரா எதுவும் இல்லை என்பதை மார்லிஸ் நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.

அடியில் பட்டை ஓடியது. தொடக்கப்பள்ளி, மூடப்பட்டது. சூப் விருந்து, ரத்து. எய்னோ லாஹ்தி வீடு, மூடப்பட்டது.

பக்கத்து வீட்டு எய்னோ மகளிடம் போயிருப்பார் என்றும், ஒழுங்கான மனிதராக ஊருக்குச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார் என்றும் வெயின் தீர்ப்பளித்தார். மற்ற சேனல்களின் பட்டையிலும் அதே வரி ஓடியதால் ஊரும் அதையேதான் சொன்னது. தபால்காரர் அங்கே வண்டியை நிறுத்தவில்லை. பனி தள்ளும் வண்டி அவர் வாசலைத் தொடாமல் போனது. ஆனால் எய்னோவின் புகைபோக்கியில் புகை வந்துகொண்டிருந்தது. பிறகு நின்றது.

சனிக்கிழமை மத்தியானம் மார்லிஸ் பனியில் நடக்கும் அகலச் செருப்பை மாட்டிக்கொண்டு போய்க் கதவைத் தட்டினாள். டெட்ராய்ட்காரி என்று சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும்.

எய்னோ நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எதிரே பத்தொன்பது புள்ளி மூன்று. கோப்பையில் காப்பி உறைந்து கிடந்தது. மார்லிசின் மூச்சு அந்த அறையில் வெண்புகையாகப் போனது. அவர் வாயிலிருந்து புகையே வரவில்லை.

"மூடியாச்சு மார்லிஸ்," என்றார், கடை சாத்தும் நேரத்தில் வந்தவரிடம் சொல்லும் மரியாதையோடு. "டிவில போட்டிருக்கான் பாரு."

அவள் அங்கிருந்தே ஷெரிப் அலுவலகத்துக்கு போன் செய்தாள். எடுத்த பெண் பெயரைக் கேட்டாள், எதையோ தட்டினாள், அந்த வீடு மூடியிருக்கிறதே என்று கனிவாகச் சொல்லி வைத்துவிட்டாள்.

திரும்பி வந்தபோது தன் வீட்டுத் திரையில் பட்டை ஓடிக்கொண்டிருந்தது. கங்காஸ் வீடு, மூடப்பட்டது.

வெயின் அதன் எதிரே உட்கார்ந்திருந்தார். நடந்ததையெல்லாம் அவள் சொன்னாள். அவர் ஒரு கருத்தும் சொல்லவில்லை. கல்யாணமான நாளிலிருந்து கருத்தில்லாத வெயினை அவள் பார்த்ததே இல்லை.

"போட்டிருக்கான்," என்றார் கடைசியில்.

"நீ நட்ட கம்பிதானே இது? சாட்டிலைட்காரன் சொன்னா கொடுங்கோன்மை, இது சொன்னா மட்டும் வாயை மூடிக்குவியா?"

அவர் கையைத் தொட்டாள். அடுப்புக்குப் பக்கத்தில் இருந்த கை. சில்லென்று இருந்தது.

மார்லிஸ் பிளக்கைப் பிடுங்கினாள். படம் போகவில்லை. ஏணியை இழுத்துப் போட்டுக் கூரைமேல் ஏறி, காற்று முகத்தை அறைய அறைய, ரம்பத்தால் ஆன்டெனாவை அறுத்துத் தள்ளினாள். கொடுங்கோன்மையை வென்ற கம்பி பனியில் தலைகுப்புற விழுந்தது. உள்ளே வந்து பார்த்தாள். படம் இன்னும் தெளிவாகியிருந்தது.

சரி. அப்படியானால் வீட்டைத் திறந்துதான் பார்ப்போம்.

சவுனா என்ற நீராவிக் குளியல் குடிசையில் நெருப்பு மூட்டினாள். சனிக்கிழமை யார் வீட்டு சவுனாவில் புகை வந்தாலும் அந்த ஊரில் நாலு பேர் துண்டோடு வருவார்கள். பெரிய கெட்டிலில் காப்பி வைத்தாள். எல்லா விளக்கையும் போட்டாள். தெரிந்தவர்களுக்கெல்லாம் போன் போட்டாள். கூப்பிட்டதற்கு எல்லோரும் நன்றி சொன்னார்கள். நீங்கள்தான் மூடியிருக்கிறீர்களே என்று எல்லோரும் சொன்னார்கள். யார் குரலிலும் கள்ளம் இல்லை.

வெளியே வெளிச்சம் சாம்பல் நிறத்துக்கு வந்தபோது பனி தள்ளும் வண்டி உறுமிக்கொண்டு வந்தது. மார்லிஸ் மண்வாரியோடு நடுச்சாலையில் போய் நின்றாள். ஓட்டி வந்தவன் ட்ராய். அவள் கையால் இறைச்சி வைத்த பாஸ்டி வாங்கித் தின்று வளர்ந்தவன். வண்டியை நிறுத்திக் கண்ணாடியை இறக்கினான்.

"உள்ள போங்க மிஸஸ் கங்காஸ். நீங்க மூடியாச்சு."

"மூடினவ நடுரோட்டுல நின்னு உன்னைத் திட்டுவாளாடா?"

ட்ராய் அதை நேர்மையாக யோசித்தான். அவன் முகத்தில் யோசனை ஏறுவதும் இறங்குவதும் தெரிந்தது.

"போட்டிருக்காங்களே," என்றான். அவளைச் சுற்றிக்கொண்டு போனான். அவள் வாசல் வந்ததும் பனி தள்ளும் தகட்டைத் தூக்கிக்கொண்டான். தாண்டியதும் இறக்கினான்.

அவள் வீட்டுக்குத் திரும்பினாள். கெட்டில் அடங்கியிருந்தது. அடுப்பு எரிந்தது, சூடு இல்லை. ஈரக் கம்பளி வாடை.

திரையில் சாலை இல்லை. அவர்கள் அறை.

இரண்டு நாற்காலி. ஒன்றில் வெயின். இன்னொன்றில் சாம்பல் நிற ஸ்வெட்டர் போட்ட ஒரு பெண்.

மார்லிஸ் குனிந்து தன் ஸ்வெட்டரைப் பார்த்தாள். சாம்பல் நிறம். நிமிர்ந்து தன் நாற்காலியைப் பார்த்தாள். காலி.

மெத்தை மட்டும் அமுங்கியிருந்தது.

வெயினின் கை மெல்ல நகர்ந்தது. காற்றில் எதையோ பிடித்தது. ஒரு கையைப் பிடிப்பதுபோல.

"வெயின். அது நானில்ல."

அவர் திரும்பவில்லை.

மார்லிஸ் பின்வாங்கவில்லை. வாசற்கதவை அகலத் திறந்தாள். பனி உள்ளே பாய்ந்தது. கதவுக்கு முதுகைக் கொடுத்து, மண்வாரியை இரண்டு கையாலும் பிடித்து நின்றாள்.

"இந்த வீடு திறந்திருக்கு," என்றாள், திரையைப் பார்த்து. "நான் திறந்து வெச்சிருக்கேன்."

திரையில் அந்தப் பெண் திரும்பினாள். மார்லிசின் முகம். திறந்த கதவைப் பார்த்தாள். குளிர் வருகிறதே என்று சலித்துக்கொள்ளும் ஒரு வீட்டுக்காரியின் பார்வை.

எழுந்தாள்.

நாற்காலியின் ஸ்பிரிங் கிறீச்சிட்டது. இந்த அறையில்.

பலகைத் தரையில் அடிச்சத்தம். ஒன்று. இன்னொன்று. மார்லிசின் நடையேதான். இடது கால் கொஞ்சம் இழுக்கும்.

"வா," என்றாள் மார்லிஸ்.

முதுகுக்குப் பின்னால் கதவு நகரத் தொடங்கியது. அவள் குதிகாலை ஊன்றினாள். கதவு நகர்ந்தது.

மறுவாரம் பள்ளிகள் வழக்கம்போல் திறந்தன; கங்காஸ் வீட்டுக் கதவை மட்டும் யாரும் தட்டிப் பார்க்கவில்லை.